மடியில் வைத்த கால்

நிந்தவூரில் றாஹிலாவைத் தெரியாத ஆளில்லை என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். அவள் ஹஜ்ஜுக்குப் போனவள் அல்ல, பெரிய வீட்டுப் பிள்ளையும் அல்ல, நாலு பேருக்கு முன்னால் நின்று உரத்து ஒரு வார்த்தை பேசியவளும் அல்ல. வட்டை விதானையாரின் பெண்சாதி என்று சொன்னால்தான் "ஆ, அவவா" என்பார்கள். இருந்தாலும் ஒரு கலியாணப் பந்தலில், ஆண்கள் நிறைந்திருந்த சபைக்குள் திரையை விலக்கிக்கொண்டு போய், புருஷனின் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் இந்தக் கரையில் அவள் ஒருத்திதான். அதை ஊர் பல மாதிரிச் சொல்கிறது. ஊர் வாய் சும்மா கிடக்குமா? நடந்தது இதுதான்.

அவளுடைய புருஷன் மீராமுகைதீன் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டை விதானை. வட்டை விதானை என்றால் வயல்காரர்கள் கூடித் தெரிவுசெய்கிற ஆள். வாய்க்காலில் வருகிற தண்ணீர் யாருடைய வயலுக்கு எப்போது பாயவேண்டும் என்று சொல்வது அவர்தான். கள்ளமாக வரம்பை வெட்டித் தண்ணீர் திருப்பியவனைப் பிடித்து அவர் போடுகிற சத்தம் அடுத்த வயல்வட்டைக்கும் கேட்கும். நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. தன் வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் விடுவார். அதற்காக றாஹிலாவிடம் எத்தனையோ தரம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

எழுபத்தெட்டில் அடித்த சூறாவளியில் வீட்டுக் கூரை போனது. புருஷனும் பெண்சாதியும் ஒரே மகள் சுபைறாவை நடுவில் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கடியில் கிடந்து கலிமா சொன்னார்கள். அதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, மீராமுகைதீனின் வலது கை விரல்கள் தாமாக அசையத் தொடங்கின. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசி உரசி, தஸ்பீஹ் மணி உருட்டுவது போலவே இருக்கும். பள்ளியில் பார்த்தவர்கள், "விதானையார் இப்ப எந்த நேரமும் திக்ருதான்" என்று மெச்சினார்கள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. செய்யாத வணக்கத்துக்குப் பெயர் வாங்குவதா? கல்முனைக் கடையில் நிசமாகவே ஒரு தஸ்பீஹ் வாங்கி அந்தக் கையில் வைத்துக்கொண்டார். கை அசையும் நேரமெல்லாம் வாயும் ஓதியது. அதையும் றாஹிலாவிடம் மட்டும்தான் சொன்னார்.

பிறகு நடை சுருங்கியது. வரம்பில் ஓடுகிற மனிதர் வாசலைத் தாண்டவே யோசித்து நின்றார். அடுத்த வட்டைக்குக் கேட்ட குரல் அடுப்படிக்குக் கேட்காமல் போனது. சூறாவளிப் பயம் உள்ளே போய் நரம்பில் தங்கிவிட்டது என்றார்கள் ஊரார். றாஹிலாவும் அப்படித்தான் நம்பினாள்.

நடுக்கத்தோடு வாழ்ந்துவிடலாம். விழத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. முதலில் வாய்க்கால் கதவடியில் விழுந்தார். குந்தியிருந்து தண்ணீர் மட்டம் பார்த்தவர், எழும்பியதும் கண் இருட்டிக் குப்புற வாய்க்காலுக்குள் போய்விட்டார். பக்கத்து வயல் முருகேசு குதித்து இழுத்திராவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அடுத்தது பள்ளியில், ஜும்ஆத் தொழுகையில். நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எல்லாரும் எழும்பி நின்றார்கள். அவரும் எழும்பினார். நின்ற கையோடு முன் வரிசைக்காரரின் முதுகில் சாய்ந்து சரிந்தார். அதன்பின் வீட்டில், கிணற்றடியில், சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது என்று எங்கே எப்போது விழுவார் என்று சொல்ல முடியாமல் போனது.

விழுந்த உடனே ஆட்கள் ஓடி வருவார்கள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக் கதிரையில் நிமிர்த்தி இருத்துவார்கள். பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பைக் கையில் திணிப்பார்கள், புளிப்புத் தேசிக்காயை வெட்டி மூக்கில் பிடிப்பார்கள். தலை ஒரு பக்கம் தொங்கும், கண் மேலே செருகும், முகம் சுண்ணாம்பாக இருக்கும். தெளிய நெடுநேரம் எடுக்கும். "வலிப்பு" என்றார் ஒருவர். "ஜின் பார்வை" என்றார் இன்னொருவர். மீராமுகைதீனின் தம்பி, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற அபுல் ஹஸன் மட்டும் இரண்டையும் மறுத்தார். அவர் கல்முனையில் புடைவைக் கடை வைத்திருப்பவர், உலகம் தெரிந்தவர். அவருக்கே பிறசர், அதாவது இரத்த அழுத்தம், இருந்தது.

"மதினி, இது பிறசர். எனக்கும் இப்பிடித்தான் தலை சுத்தினது. டொக்டர் உப்ப நிப்பாட்டச் சொன்னார், நிப்பாட்டினன், இப்ப நல்லா இரிக்கன். காக்காவுக்கும் உப்ப நிப்பாட்டுங்க."

றாஹிலாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைக்கே உப்புச் சட்டியைத் தூக்கி உறிக்கு மேலே வைத்தாள். மகளுக்குத் தனியாக ஒரு கறி, அவருக்கு உப்பில்லாமல் ஒரு கறி. அவரைத் தனியாக விட்டுத் தான் மட்டும் ருசியாகத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. அவளும் அவருடைய சட்டியிலேயே தின்றாள். வருஷம் ஒன்றுக்கு மேல் அப்படி ஓடியது. மீன் ஆணம் வைத்தாலும் சொதி வைத்தாலும் ஒரு கல் உப்பு விழாது.

"என்ன புள்ள இது, தவிட்ட அவிச்சி வெச்ச மாதிரி?" என்பார்.

"வருத்தக்காரனுக்கு வாய் ருசி கேக்குதா? பேசாமத் தின்னுங்க."

பேசாமல் தின்பார். தின்றுவிட்டு எழும்பி, மறுபடியும் விழுவார். விழ விழ அவள் இன்னும் கண்டிப்பானாள். உப்பிட்டுக் காய்ந்த கருவாடு அந்த வீட்டு வாசற்படியே மிதிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் சுபைறாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை றவூப், மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, சொந்தமாக இரண்டு தறி ஓட்டுகிறவர். வீட்டாருக்கும் பிடித்துப்போனது, சுபைறாவுக்கும் பிடித்துப்போனது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு முன்வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் பின்னால் இருக்கிற குசினியோடு சேர்ந்த அறைக்குப் போய்விட வேண்டும். றாஹிலாவின் தாயும் அப்படித்தான் போனாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அபுல் ஹஸன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "காக்கா விழுற கதை மருதமுனைக்குப் போகப்படாது. வலிப்புக் குடும்பம் எண்டு பேர் வந்தா முடிஞ்சிது. காதும் காதும் வெச்ச மாதிரி இரிக்கணும்."

காதும் காதும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்கிறது? ஒரு நாள் கிணற்றடியில் விழுந்து, கிணற்றுக் கட்டில் நெற்றி பட்டுப் பிளந்துவிட்டது. றாஹிலா இரத்தத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள். "இவருக்கு நான் குடுக்கிற பத்தியம் பத்தியமில்ல. போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொழுந்தனிடம் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவரை ஏற்றி ஜன்னல் பக்கம் இருத்தி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் கேட்காமல் செய்த முதல் காரியம் அது.

அங்கே ஓர் இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. மீராமுகைதீனைப் படுக்கவைத்து பிறசர் பார்த்தார். பிறகு எழுப்பி நிற்கவைத்து, பட்டியைக் கழற்றாமலே மறுபடி பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீராமுகைதீனின் முகம் வெளிறியது. டொக்டர் சட்டென்று அவரைத் தாங்கிக் கட்டிலில் கிடத்தி, கால்களைத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இரண்டு மூச்சு விடுவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்! றாஹிலா வாய் பிளந்து நின்றாள். வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு நேரம் பாடுபட்ட காரியம் அது!

"இவருக்குப் பிறசர் கூடேல்லை அம்மா. படுத்திருக்கேக்க சரியா இருக்கு, எழும்பி நிண்ட உடன விழுந்துபோகுது. தலைக்கு ரத்தம் காணாமப் போறதாலதான் மயக்கம்."

"அப்ப வலிப்பில்லயா டொக்டர்?"

"வலிப்பும் இல்லை, பேயும் இல்லை. பார்க்கின்சன் எண்டொரு வருத்தம். கை நடுங்கிறது, நடை சுருங்கிறது, குரல் இறங்கிறது எல்லாம் அதுதான். அதோட இந்த மயக்கமும் சில பேருக்கு வரும்." கை கழுவிக்கொண்டே கேட்டார். "சாப்பாட்டில உப்பு எப்பிடி?"

றாஹிலா பெருமையாகச் சொன்னாள். "ஒரு கல்லும் போடுறல்ல டொக்டர். வருஷத்துக்கு மேல ஆகுது. நானும் போடாமத்தான் தின்னிறன்."

டொக்டர் துவாயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இண்டையிலயிருந்து நல்லா உப்புப் போடுங்கோ அம்மா. கருவாடு குடுங்கோ, கஞ்சியில உப்புப் போட்டுக் குடுங்கோ, தண்ணி நிறையக் குடிக்கட்டும். உப்பில்லாததாலதான் இவர் இவ்வளவு விழுந்திருக்கிறார். எழும்ப முதல் கட்டில் விளிம்பில கொஞ்ச நேரம் இருக்கவேணும். அப்பிடியும் விழுந்தா, தூக்கி இருத்தாதேங்கோ. நீட்டிக் கிடத்தி, காலைத் தூக்கிப் பிடியுங்கோ. நீங்கள் தூக்கித் தூக்கி இருத்தினபடியாத்தான் தெளிய அவ்வளவு நேரம் எடுத்திருக்கு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதாள். வாய்க்கால், பள்ளி, கிணற்றடி என்று ஒவ்வொரு விழுகையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நெற்றியில் இருக்கிற அந்தக் கட்டு தன் கையால் போட்ட வெட்டுக்குத் தானே போட்ட கட்டு என்று நினைத்தாள்.

"நாந்தான் உங்கள விழுத்தினன்" என்றாள்.

அவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் தலை சாய்ந்த நேரம். "விசர் புள்ள. நீயும் உப்புத் தின்னல்லயே" என்றார். பிறகு, "வீட்ட போய் ஒரு கருவாட்டுத் துண்டு சுடு. அது காணும்" என்றார்.

உப்பு திரும்பி வந்தது. மாத்திரையும் வந்தது. விழுகை ஒரேயடியாக நிற்கவில்லை என்றாலும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அப்படியும் விழுந்தால் றாஹிலா யாரையும் கூப்பிடவில்லை. விழுந்த இடத்திலேயே கிடத்துவாள், முழங்காலை மடித்து உட்கார்ந்து அவருடைய கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். வியர்வை அடங்கும், உதட்டில் நிறம் ஊறும், கண் திறக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஊர் அதைப் பார்க்கவேண்டிய விதமாகப் பார்க்குமா? ஒரு நாள் முற்றத்தில் விழுந்தார். அவள் கிடத்தினாள். கையைப் பக்கத்தில் நீட்டிவைத்தாள், வெயில் முகத்தில் படாமல் முந்தானையால் மறைத்தாள். பக்கத்து வீட்டு சல்மா உம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு மனிதன் நீட்டிக் கிடக்கிறான், முகத்துக்கு மேலே துணி, காலடியில் பெண்சாதி. வேறென்ன நினைப்பார்? "யா அல்லாஹ், விதானையார் மௌத்தாகிட்டாரே!" என்று ஒரே ஓலம். தெரு முழுக்க வந்துவிட்டது. பெண்கள் அழுதார்கள். மையித்தைச் சுமக்கிற சந்தூக்கு எடுத்துவரப் பள்ளிக்கும் ஆள் போய்விட்டது. மீராமுகைதீன் கண்ணைத் திறந்தபோது, தனக்காக அழுகிற முகங்களைத்தான் முதலில் கண்டார்.

சில பேர் சிரித்தார்கள். சல்மா உம்மா வெட்கத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீராமுகைதீன் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு பெண்சாதியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"றாஹிலா. வீட்டுக்குள்ள நீ என்ன செய்தாலும் செய். ஆக்களுக்கு முன்னால என்ன இப்பிடி மையித்துப் போலக் கிடத்தாத. உசிரோட இரிக்கிற மனிசன நாலு பேர் மையித்தாப் பாக்கப்படா. எனக்கு வாக்குத் தா."

அவள் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? வாய்க்கால் கரையில் நூறு பேரைச் சத்தம் போட்டு நிறுத்திய மனிதர் கேட்கிறார்.

கலியாணம் கிட்ட வந்தது. அபுல் ஹஸன் அண்ணனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து மெல்லக் கதையைத் தொடங்கினார். "காக்கா, காவின் எழுதி நிக்காஹ் முடிக்கிற நேரம் நீங்க உள்ளுக்குச் சாய்ஞ்சி இரிங்க. சபையில நான் இருந்து புள்ளயக் குடுக்கிறன். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். ஒண்டும் குத்தமில்ல."

குற்றம் இல்லைதான். தகப்பன் சம்மதம் தந்தால் சகோதரன் கொடுக்கலாம். மார்க்கம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மீராமுகைதீனின் முகம் இறுகிப்போனதை றாஹிலா கண்டாள்.

"வேலை போயிட்டு. வட்டைய வேற ஆள் பாக்கான். வீடும் நாளைக்குப் புள்ளக்கு" என்றார், கேட்டும் கேட்காத குரலில். "எனக்கு இனி செய்ய இரிக்கிறது இது ஒண்டுதான் தம்பி. எண்ட மகள எண்ட வாயாலதான் குடுப்பன். எண்ட கையாலதான் மாப்பிளட கையப் பிடிப்பன்."

அபுல் ஹஸன் மதினியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள்: அவர்தான் கொடுக்கவேண்டும், கொடுக்கவைப்பது தன் பொறுப்பு. காவின் பாயில் இருந்தபடிதானே நடக்கும்? உட்கார்ந்திருப்பவருக்கு மயக்கம் வராது, எழும்பினால்தான் வரும். அப்படியென்றால் அன்றைக்கு அவர் எழும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கலியாணத்தன்று காலையில் உப்புக் கஞ்சி கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மறுபடியும் தண்ணீர் கொடுத்தாள். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முதலே பந்தலுக்குக் கூட்டிவந்து பாயில் இருத்தினாள். "மாப்பிள வந்தாலும் ஒழும்பாதீங்க. அவர் உங்களிட்ட வருவார்" என்றாள். ஓம் என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பைத்துப் பாடிக்கொண்டு மருதமுனையே வந்தது போலிருந்தது. படலையில் மாப்பிள்ளை நின்றார். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பது வழக்கம். சுபைறாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் அபுல் ஹஸனின் மகன் செம்பும் தண்ணீருமாகக் குந்தினான். இது நடக்கும்போது பெண்ணின் தகப்பன் பாயில் இருப்பதா? ஒரு விதானைக்கு அது முடிகிற காரியமா? மீராமுகைதீன் பந்தல் காலைப் பிடித்து எழும்பிவிட்டார்! எழும்பி, அந்தச் சாயங்கால வெயிலில், பைத்து முடியும்வரைக்கும் நின்றார். பெண்களோடு நின்ற றாஹிலா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் நடுவில் நிற்பவரை எப்படி இருக்கச் சொல்வது?

மாப்பிள்ளையைத் தழுவினார். பாய்க்கு நடந்தார். பாயின் ஓரத்துக்கு வந்ததும் முழங்கால் மடங்கி அப்படியே சரிந்தார்.

"தூக்குங்க! தூக்குங்க!" என்று அபுல் ஹஸன் கத்தினார். நாலைந்து பேர் பாய்ந்தார்கள். கக்கத்தில் கை கொடுத்து நிமிர்த்திப் பந்தல் காலோடு சாய்த்து இருத்தினார்கள். தலை தொங்கியது. ஒருவர் விசிறினார், ஒருவர் தேசிக்காய் கேட்டார். இன்னொருவர் மடியிலிருந்து திறப்புக் கோர்வையை எடுத்து அவர் கையில் திணித்தார். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர், "வலிப்பா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது திரைக்குப் பின்னாலும் கேட்டது. சுபைறா உள்ளே "வாப்பா" என்று அழத் தொடங்கினாள்.

காவின் நடத்த வந்த மீராசாஹிபு லெப்பை நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். அபுல் ஹஸன் அவரிடம் திரும்பினார். "லெப்பை, காக்காவுக்கு இனி ஏலா. மஃரிபும் கிட்ட வருது. உள்ளுக்குத் தூக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்க. நான் குடுக்கிறன்."

றாஹிலா திரையின் இடுக்கால் அவருடைய முகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு. அவர்கள் நிமிர்த்தி நிமிர்த்திப் பிடிக்க, அந்த முகம் இன்னும் செத்துக்கொண்டு போனது. அவளுக்கு வாக்கு ஞாபகம் வந்தது. ஆக்களுக்கு முன்னால என்னக் கிடத்தாத. இந்த ஊரும் அந்த ஊரும் இருக்கிற சபையை விட வேறு எந்த ஆக்கள் இருக்கிறார்கள்? போனால் வாக்குப் போகும். போகாவிட்டால், கண் திறக்கும்போது மகளை வேறொருவர் கொடுத்து முடித்திருப்பார். அதற்குப் பிறகு இந்த மனிதர் எதற்காகக் கண்ணைத் திறக்கவேண்டும்?

திரையை விலக்கினாள். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சபைக்குள் நடந்தாள். ஆண்கள் தாமாக விலகினார்கள்.

"தூக்காதீங்க. விடுங்க. கிடத்துங்க அவர."

"மதினி, என்ன இது, சபைக்குள்ள..." என்று அபுல் ஹஸன் குறுக்கே வந்தார்.

"கைய எடுங்க தம்பி!"

அந்தக் குரலை அபுல் ஹஸன் அதற்கு முன்னர் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டார். அவள் புருஷனைக் காவின் பாயிலேயே நீட்டிக் கிடத்தினாள். காலடியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "மையித்துப் போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் ஸலவாத்துச் சொல்லத் தொடங்கினாள்.

உதட்டில் நிறம் ஊறியது. கண் திறந்தது. மேலே பந்தலின் வெள்ளைத் துணி, சுற்றிவர முகங்கள், காலடியில் றாஹிலா. எங்கே கிடக்கிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"கிடத்திட்டியா?" என்றார்.

"ஓம். கிடத்திட்டன்" என்றாள். கண்ணீர் அவருடைய பாதத்தில் விழுந்தது. "வாக்க முறிச்சிட்டன். பொறுத்துக்கங்க."

அவர் தலையைத் தூக்கி எழும்பப் பார்த்தார். பாதி எழும்பியதுமே முகம் மறுபடியும் வெளிறியது. அவள் காலை விடவில்லை. அவர் திரும்பச் சாய்ந்தார். அபுல் ஹஸன் லெப்பையைப் பார்த்தார். லெப்பை வாயெடுக்கும் முன்னர் றாஹிலா கேட்டாள்.

"லெப்பை, நிண்டு தொழ ஏலாதவன் இருந்து தொழலாம், இருந்து தொழ ஏலாதவன் படுத்துத் தொழலாம் எண்டு நீங்கதானே ஓதித் தந்தீங்க. அல்லாவுக்கு முன்னாலயே படுத்துக் கிடக்கலாம் எண்டா, படுத்துக்கிட்டு ஒரு வாப்பா மகளக் குடுக்க ஏலாதா?"

லெப்பை அவளை நேராகப் பார்க்கவில்லை. தாடியைத் தடவியபடி மெதுவாகப் பாயில் குந்தி, மீராமுகைதீனின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

"விதானையார், புத்தி தெளிவா இரிக்கா? இது என்ன சபை?"

"எண்ட மகள்ட காவின்."

"ஏலும்" என்றார் லெப்பை நிமிர்ந்து. "மாப்பிள இங்க வாங்க. சாட்சிக்காரர் ரெண்டு பேரும் கிட்ட வாங்க. சபை சத்தம் போடாம இரிங்க, அவர்ர குரல் சின்னக் குரல்."

றவூப் வந்து பாயில் முழங்காலிட்டுக் குனிந்தார். நடுங்குகிற வலது கை மேலே வந்தது. மாப்பிள்ளை அதைப் பிடித்தார். பிடித்ததும் நடுக்கம் அடங்கிவிட்டது. லெப்பை சொல்லிக்கொடுக்க, மீராமுகைதீன் கிடந்தபடியே சொன்னார். "என்னுடைய மகள் சுபைறாவைப் பேசிய மகருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்." அந்தக் குரலைக் கேட்பதற்காகப் பந்தலே முன்னால் குனிந்தது. மருதமுனைக்காரர்கள் காதில் கை வைத்துக் கேட்டார்கள். "ஏற்றுக்கொண்டேன்" என்றார் றவூப்.

துஆ ஓதி முடிந்தது. மாப்பிள்ளை எழும்பிப் போய்த் தன் இடத்தில் இருப்பார் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவர் பாயின் கீழ்ப்பக்கம் வந்து றாஹிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமி, நீங்க உள்ளுக்குப் போங்க. மகள் அழுறா. நான் பிடிக்கிறன்."

அவள் தயங்கினாள். புதுச் சாரன், புதுக் கோட்டு, தலையில் தொப்பி. கொஞ்சம் முன்னர் இந்த வீட்டார் கழுவிவிட்ட கால்களை மடித்துக்கொண்டு, மாமனாரின் கால்களைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார் அந்தப் பிள்ளை. வலிப்பா என்று கேட்ட பெரியவர் விசிறியை வாங்கி விசிறத் தொடங்கினார். அபுல் ஹஸன் பந்தலுக்கு வெளியே போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

றாஹிலாவும் மீராமுகைதீனும் பின்னறைக்குப் போனார்கள். ஆக்களுக்கு முன்னால் கிடத்தியதைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. அவளும் கேட்கவில்லை. எண்பத்தைந்துக்குப் பிறகு கலவரங்களால் ரோட்டில் பஸ் ஓடுவது நின்று நின்று போனது. மட்டக்களப்பு மருந்து வராத மாதங்களும் இருந்தன. உப்புக் கஞ்சியாலும் கருவாட்டாலும் அவரை இழுத்துப் பிடித்தாள். சந்தியில் விழுந்தால் சந்தியில் கிடத்தினாள், பள்ளி வாசலில் விழுந்தால் பள்ளி வாசலில் கிடத்தினாள். போகிறவர்கள் குடையைப் பிடித்து நிழல் கொடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு மாரி காலத்து அஸர் நேரம். தொழுகைக்கு எழும்புவதற்கு முன்னர், டொக்டர் சொன்னபடி கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். விரல்களில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது. பிறகு உருளவில்லை. சத்தமில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார்.

றாஹிலா எப்போதும் போல அவரைக் கிடத்தினாள். கால்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுபைறா குழந்தையோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, புருஷனைக் கூப்பிட முன்வீட்டில் போட்டிருந்த தறிக்கு ஓடினாள். சல்மா உம்மாவும் வந்தார். இந்தத் தடவை அவர் ஓலம் போடவில்லை. விதானையாரின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு றாஹிலாவின் தோளில் கை வைத்தார்.

"விடுங்க றாஹிலா. கால இறக்கி வைங்க."

"கொஞ்சம் பொறுங்க ராத்தா" என்றாள் றாஹிலா, கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல். "அவருக்குத் தெளிய எப்பயும் கொஞ்சம் சுணங்கும்."

சல்மா உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து காத்திருந்தார்.